உம் கொட்டும் காது

எங்கள் ஊரான எத்தாளையில் இரவு கரண்ட் போனால் மூத்தம்மா கதை தொடங்குவா. நாலு வரி சொன்னதும் நிறுத்திவிடுவா. “உம் கொட்டுறியா, நித்திரையாகிட்டியா?” நான் “உம்” என்றால்தான் ராசகுமாரன் அடுத்த அடி எடுத்து வைப்பான். பிள்ளை தூங்கிவிட்டானா என்று பார்க்கத்தான் அப்படிக் கேட்கிறா என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கதைக்கே அந்த ‘உம்’ வேண்டியிருந்தது என்று பின்னால்தான் விளங்கியது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவேலாஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒருவர், தான் மயிரிழையில் தப்பிய சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்; எதிரே இருப்பவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு ரகசிய வேலை: ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்துவது. அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் கவனித்தார்கள், கதையைக் கவனிக்கவில்லை. கெட்டுப்போனது யாருடைய பேச்சு தெரியுமா? சொன்னவருடையது. அதிலும் கதை உச்சத்துக்கு வரும் இடத்தில்தான் தடுமாற்றம். சிலர் திடுமென முடித்தார்கள். சிலர் முடிவையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

கேட்பவரின் மறுமொழியை அந்த ஆய்வு இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று எங்கும் பொருந்துகிற தலையாட்டலும் ‘உம்’மும். மற்றது அந்த இடத்துக்கு மட்டுமே உரியது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனதை ஒருவர் சொல்லும்போது, “யா அல்லா! பிறகு?” என்று நம் வாயிலிருந்து தானாக வருகிறதே, அது. கவனம் சிதறியவர்களிடம் முக்கியமாகக் காணாமல் போனது இந்த இரண்டாவது வகைதான். கண்ணைப் பார், தலையை ஆட்டு என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் முதல் வகையோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதை நடிக்க முடியாது. கதைக்குள் இருந்தால்தான் வரும்.

உள்ளே இருப்பது ஏன் இவ்வளவு சிரமம்? 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில், கேள்வி முடிந்து பதில் தொடங்கச் சராசரியாக ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆனது, ஒரு கண்ணிமைப்பொழுது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு அரைச் செக்கனுக்கு மேல் வேண்டும். அப்படியானால் எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நம் பதில் உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. இது கெட்ட குணம் அல்ல, மூளையின் வேலைமுறை. ஆனாலும் துயரத்தோடு வந்தவர் பாதி சொல்வதற்குள் நம்மிடம் ஆலோசனை தயாராகிவிடுவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மனமுடைந்தவர்களுக்குச் செவிகொடுக்கவே 1974இல் இலங்கையில் தொடங்கிய அமைப்பு ‘சுமித்ரயோ’. அதன் தொண்டர்கள் புத்திமதி சொல்வதில்லை. கேட்கிறார்கள்.

களப்புக் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், பழைய காற்றுமழை நாளொன்றைப் பற்றி இன்றைக்கு உங்களிடம் பேச்செடுக்கலாம். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் உங்கள் கதையைத் தொடங்கிவிடாமல், “பிறகு?” என்று கேளுங்கள்.