பாலில்லாப் பரங்கிக் காப்பி

அமெரிக்க நாட்டில் இலையுதிர் காலம் நெருங்கியதும், பட்டை, சுக்கு, சாதிக்காய், கிராம்பு மணக்கும் பரங்கிக் காப்பியை மக்கள் நாடுவர். ஸ்டார்பக்ஸ் நிறுவனம் இதனை 2003இல் அறிமுகம் செய்தது. அன்று பெயரில் இருந்த பரங்கிக்காய் கோப்பையில் இல்லை! 2015இல்தான் அதன் கூழ் சேர்க்கப்பட்டது.

ஆயினும் அது பால் கலந்த பானம். பாலிலுள்ள சர்க்கரை செரியாமல் வயிறு உப்பி வருந்துவோர் உலகில் மிகப் பலர். வீட்டார் யாவரும் பருகுகையில் ஒருவர் மட்டும் வெறுங்கையராய் அமர்ந்திருப்பது நமக்கு உவப்பன்று. கடைகளில் விற்கும் இனிப்புக் கலவைகள் சிலவற்றிலும் பால் கலந்திருத்தலால், வீட்டில் செய்வதே நலம்.

வாதுமைப் பால் புதுமையுமன்று. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் பாலும் விலக்கப்பட்டமையால், செல்வர் இல்லங்களில் வாதுமைப் பாலே அதன் இடத்தை நிரப்பிற்று. (விலையுயர்ந்த அப்பாலை ஒறுத்தல் என்றழைக்க நமக்குச் சற்றுத் தயக்கமே.)

இருபது வாதுமைப் பருப்புகளை இரவில் ஊறவைத்துத் தோலுரித்து, முக்கால் கோப்பை நீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டுக. வேகவைத்து மசித்த பரங்கிக்காய் இரு கரண்டி, நாட்டுச் சர்க்கரை ஒரு கரண்டி, பட்டைத்தூள் கால் சிறுகரண்டி, ஏனைய மூன்றும் ஒவ்வொரு சிட்டிகை சேர்த்து, இரண்டு நிமிடம் வதக்குக. சாதிக்காயை மிகுதியாக்குதல் தகாது. பிறகு வாதுமைப் பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் சூடாக்குக.

இனிதான் கவனம் வேண்டும். கொதிக்கும் கடுங்காப்பியில் குளிர்ந்த வாதுமைப் பாலை ஊற்றினால், காப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்து அதனைத் திரித்துவிடும். ஆகவே சூடான பாலில், சற்றே ஆறிய கடுங்காப்பியை அரைக் கோப்பையளவு சிறுகச் சிறுக வார்க்க வேண்டும். வாதுமை ஒவ்வாதவர் ஓட்ஸ் பால் கொள்ளலாம். அதனை மிகக் காய்ச்சினால் கஞ்சியாகிவிடும்.