தென்காசிச் சாரல் எங்கிருந்து வருகிறது?

ஜூலை மாதத்தில் ஒரு வாரம் தென்காசியில் தங்கினால் நாலு விதமான வானத்தைப் பார்த்துவிடலாம். ஒருநாள், விட்டு விட்டுச் சாரல். கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரை காயாது. மறுநாள் மலை முழுக்க மேகம் மூடியிருக்க, ஊருக்குள் சுள்ளென்று வெயில். அதற்கடுத்த நாள் காற்று மட்டும், கடைப் பலகைகள் தடதடக்க. வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்து அருவி நூலாக இளைத்துப்போயிருக்கும். "சீசன் எப்படி?" என்று கேட்டால் உள்ளூர்க்காரர் மேற்கே மலையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பதில் மலைக்கு அந்தப் பக்கத்தில்தான் தயாராகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் தேதி வாக்கில் கேரளக் கரையைத் தொடுவது வழக்கம். அரபிக்கடல் மேல் நெடுந்தூரம் வந்த காற்று அது, நீராவி நிறைந்திருக்கும். கொல்லம், புனலூர் தாண்டி மலையில் முட்டியதும் மேலே ஏறியாக வேண்டும். உயரம் கூடக் கூட அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். மேகம் கட்டாத நிலையில் 1,000 மீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும்.

குளிர்ந்த இடத்தில் நீராவிக்கு இடம் குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 15 டிகிரியில் 13 கிராம்தான். மிச்சம், காற்றில் மிதக்கும் உப்புத் துகளிலும் தூசியிலும் படிந்து நுண்துளியாகிறது. மேகம் என்பது இந்தத் துளிகளின் கூட்டம். ஒரு துளியின் குறுக்களவு 0.02 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக இப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும்.

அப்படிச் சேர்ந்த பெருந்துளிகள் பெரும்பாலும் கேரளப் பக்கத்துச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றன. சின்னத் துளிகளின் கதை வேறு. அரை மில்லிமீட்டர் துளி நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஆயிரம் மீட்டர் இறங்க அதற்கு எட்டு நிமிடத்துக்கு மேலாகும். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், அந்த நேரத்துக்குள் துளி ஐந்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளப்பட்டுவிடும். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு ஏறக்குறைய அதே தூரம்தான். தலைக்கு மேல் மேகமே இல்லாதபோதும் முகத்தில் சாரல் தெறிக்கிறதே, அது மலைமேல் பிறந்து காற்றோடு வந்த துளி. அதோடு, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் மலையில் தாழ்வான வாசலாக இருப்பதால், ஈரக்காற்றுக்கு அங்கே தடை குறைவு.

இந்தப் பக்கம் இறங்கும் காற்று மறுபடி அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. மிச்சமிருக்கும் துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. அதனால்தான் குற்றாலம் நனைந்து கிடக்கும்போது சங்கரன்கோவில் வெயிலில் காய்கிறது. ஈரத்தைக் கேரளத்தில் இறக்கிவிட்டாலும் காற்றின் வேகம் போய்விடுவதில்லை. சுரண்டை, கயத்தாறு பக்கம் நிற்கும் காற்றாலைகளுக்கு அதுதான் பிழைப்பு.

சரி, வாரத்துக்கு வாரம் ஏன் மாறுகிறது? காரணம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கலாம். ஒடிசாக் கரையோரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால், அது அரபிக்கடல் காற்றைப் பலமாக இழுக்கும். மலையை முட்டும் காற்று வலுக்கும். சாரல் ஊருக்குள் வரும். அந்தத் தாழ்வு சில நாளில் வடமேற்கே நகர்ந்து வலுவிழந்தால் இங்கே மேகம் கலையும். சில சமயம் வட இந்தியச் சமவெளியில் நிலைகொள்ளும் பருவமழைத் தாழ்வுப் பகுதி இமயமலை அடிவாரத்துக்கே ஒதுங்கிவிடும். அங்கே கனமழை பெய்ய, குற்றாலத்தில் ஆடி மாதத்திலும் பாறை தெரியும். நாளைக்குச் சாரல் உண்டா என்று தெரிய வானிலைச் செய்தியில் வங்கக் கடலையும் கவனிக்க வேண்டும்.

இந்த வெயில் மழை ஆட்டத்தில் கிடைக்கும் உபரி வானவில். சூரியனுக்கு எதிர்த் திசையில், சூரியன் 42 டிகிரி உயரத்துக்குக் கீழே இருக்கும்போதுதான் தரையில் நிற்பவர் கண்ணுக்கு அது தென்படும். மலை மேற்கே இருப்பதால் சாரல் காலத்தில் சுமார் ஒன்பது மணிக்குள், வெயில் முதுகில் பட நின்று மலையைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லா மழையும் சாரல் போலச் சாதுவானதல்ல. ஏப்ரல், மே மாதங்களில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று, சில மணி நேரத்தில் பல கிலோமீட்டர் உயர இடிமேகமாக வளர்ந்து ஒரே இடத்தில் கொட்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் காற்று கிழக்கிலிருந்து வருவதால், மலையின் நம் பக்கமே மழையை நேராக வாங்கும். இப்படி மலைமேல் கொட்டும் தண்ணீர் செங்குத்தான பாறையில் நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது.

எனவே அருவிக்குப் போகிறவர்கள் தலைக்கு மேலிருக்கும் வானத்தை நம்ப வேண்டாம், மலையுச்சியைப் பாருங்கள். அங்கே கருமேகம் இருந்தாலோ, தண்ணீர் நிறம் மாறிச் செம்மண்ணும் சருகுமாக வந்தாலோ, குற்றாலம் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொட்டாலோ, காவலர் விசில் ஊதும்வரை காத்திருக்காமல் உடனே வெளியேறிவிடுங்கள்.