பேச்சுக்கு முதல் ஸ்பீக்கர்

மிங்கலாடோன் பக்கம் இன்று வீட்டுக்குள் தியேட்டர் சத்தம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், கடைக்குப் போகும் முன் தன் பேட்டரியைத்தான் எண்ணிப் பார்க்கிறார். கரண்ட் முறைவைத்து வந்து போகிறது. கதாநாயகன் வாயைத் திறக்கும் நேரத்தில் அறை இருண்டுவிடும். அப்படியும் ஆசை குறையவில்லை. பழைய ரங்கூனான யாங்கோனின் வடக்கே, விமான நிலையத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையில் உள்ள தகரக்கூரை வீடுகளில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்ஊஃபரும் அடுக்கிப் பார்க்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். இருக்கிற காசை எதில் முதலில் போடுவது என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு ஒரே பதில்தான்: பேச்சைத் தரும் ஸ்பீக்கரில் போடுங்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் எழுபது வருடக் கதை ஒன்று இருக்கிறது.

1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’ படத்தின் அண்ணன் தம்பி மூவரும் ரங்கூன்வாசிகள். தங்கையின் கல்யாணத்துக்கு மதுரைக்குப் புறப்பட நினைக்கும்போது போர் குறுக்கே வந்துவிடுகிறது. ஒருவனுக்குத்தான் கப்பலில் இடம் கிடைக்கிறது. அந்தப் போர் பர்மாவின் தலைநகருக்குள் நுழைந்த நாள் 1941 டிசம்பர் 23. ஜப்பானிய விமானங்கள் அன்று ரங்கூன் துறைமுகத்தைத் தாக்கியபோது, மிங்கலாடோன் விமானத்தளத்தின்மீதும் குண்டு போட்டன. பர்மாத் தமிழருக்கு அந்தப் படம் சொந்த வீட்டுக் கதையாக இருந்ததில் வியப்பில்லை.

அந்தப் படம் நின்றது வசனத்தில். சத்தம் வந்ததோ ஒரே வழியில். படச்சுருளின் ஓரத்தில் ஒற்றை ஒலித்தடம், திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கி, அதிலிருந்து வரும் சத்தம் முன்னால் வருவதற்காகத் திரை முழுக்கச் சிறு துளைகள். அடியாழத்து அதிர்வும் உச்சத்து நுணுக்கமும் அந்தத் தடத்தில் சரியாக ஏறாது. மிச்சமிருந்த நடுப்பகுதிதான் மனிதக் குரலின் வீடு. வசனம் பேசும் படங்களுக்கு அந்த ஏழ்மை ஒரு குறையாகவே இல்லை. கடைசி வரிசையில் இருந்தவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர்ந்தது.

1964-க்குப் பிறகு கேட்பதற்கே ஆள் குறைந்துபோனது. கடைகளும் வாணிபமும் அரசுடைமையாக, இந்தியர்கள் லட்சத்துக்கும் மேல் நாடு திரும்பினார்கள். 1965-ல் தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. தமிழ்ப் படிப்பு பள்ளிக்கூடத்தை விட்டுக் கோயில் மண்டபத்துக்கு வந்தது. போனவர்களில் சிலர் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிக் கடை போட்டார்கள். 1969-ல் உருவான அந்தப் பர்மா பஜார்தான் பிற்பாடு டேப்ரிக்கார்டரும் விசிஆரும் டிவிடியும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று. மலிவு விலையில் வீட்டுச் சினிமா என்கிற ஆசைக்குச் சென்னையில் கதவைத் திறந்துவிட்டவர்களில் எங்கள் ஊரிலிருந்து போனவர்களும் உண்டு என்பதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே தங்கியவர்களுக்குக் காதுதான் மிஞ்சியது. சிற்றலை வானொலி இருந்தது. கேசட் வந்தபின் படத்தின் கதை வசனம் கேசட்டாகவே கிடைத்தது. படம் பார்க்காமலே வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் அப்படி உருவானவர்கள். பர்மாவில் தொலைக்காட்சி 1980-ல்தான் தொடங்கியது; தொடங்கும்போதே வண்ணத்தில். பெட்டி இருந்த வீட்டில் தெருவே உட்காரும். பிறகு வீடியோக் கொட்டகை. ஒரு டிவி, ஒரு விசிஆர், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு பெரிய பெட்டி ஸ்பீக்கர், பெஞ்சுகள். மின்னழுத்தம் 230-ஐத் தொடாது. ஏற்றிக் கொடுக்க ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சுவரோரம் உறுமிக்கொண்டிருக்கும். சத்தம் கரகரத்தாலும் பேச்சு புரிந்தது. ஏனென்றால் பேச்சுக்குப் போட்டியாக வேறு எதுவும் அதில் இல்லை.

போட்டி வந்தது 1990களில். 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடும், 1996-ல் ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியோடும் வந்தன. 2012-ல் ‘சிவாஜி’யின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸில் வந்தபோது கூரையிலிருந்தும் சத்தம் இறங்கியது. தியேட்டரில் இது ஆனந்தம். அதே படம் மெல்லிய தட்டை டிவிக்குள் வந்தால் என்ன ஆகிறது? ஆறு தடங்களில் பிரித்து வைத்த சத்தத்தை டிவி இரண்டாகக் கசக்கி, கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ பார்த்திருக்கும் விரல்நீள ஸ்பீக்கர்களில் கொட்டுகிறது. வெடிக்கும் பின்னணி இசைக்கும் அடியில் குரல் நசுங்குகிறது. ரிமோட்டை எடுத்து ஏற்றுவோம், சண்டைக்காட்சி வந்ததும் இறக்குவோம். இன்றைக்கு எல்லா வீட்டிலும் நடக்கிற வேலை இது.

எங்கள் வீடுகளில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. இங்கே வளரும் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. பள்ளியில் பர்மியம், கடைத்தெருவில் பர்மியம், தமிழ் வீட்டுக்குள் மட்டும். லகரமும் ளகரமும் ழகரமும் அவர்களுக்கு எழுத்தாக அறிமுகமாவதில்லை, ஒலியாகத்தான் வந்து சேரவேண்டும். அந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் 1,500-இலிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. மோசமான ஸ்பீக்கரும் எதிரொலிக்கும் அறையும் முதலில் குழப்புவது அந்தப் பகுதியைத்தான். மலையும் மழையும் ஒன்றுபோலக் கேட்டு வளர்கிற பிள்ளையைத் திருத்தப் பள்ளியில் தமிழ் வாத்தியார் கிடையாது.

5.1 என்கிற ஏற்பாட்டில் டிவிக்கு நேர் கீழே வைக்கிற நடு ஸ்பீக்கருக்கு வசனத்தில் பெரும்பங்கு வருகிறது. முன்னிரண்டுக்கு இசை, பின்னிரண்டுக்குச் சூழல், சப்ஊஃபருக்கு அதிர்வு. கடையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் சப்ஊஃபர் கம்பீரமாக இருக்கும், நடு ஸ்பீக்கர் கைப்பிடி அளவுதான் இருக்கும். வாங்குகிறவர் அறையை அதிரவைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறார். இது தலைகீழான கணக்கு. நல்ல நடு ஸ்பீக்கர் ஒன்றும் அதே வகை முன் ஸ்பீக்கர் இரண்டும் முதலில். பின்னிரண்டும் சப்ஊஃபரும் அடுத்த வருடம் வந்தால் போதும். அந்த மூன்றைக் கொண்டே பழைய படங்களும் பிழைத்துக்கொள்ளும். ஒற்றைத் தடப் படம் ஒன்றை, சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரில் டால்பி புரோ லாஜிக் முறையில் ஓடவிட்டால், இடதும் வலதும் ஒரே சத்தம் என்று அது கண்டுகொண்டு எல்லாவற்றையும் நடு ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடும். ‘பராசக்தி’ அப்போது அன்றுபோலவே திரையின் நடுவிலிருந்து பேசும்.

ரிசீவருக்கு எங்கே போவது? 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு எங்கள் நாணயம் 1,330 சாட் அளவில் இருந்தது. 2024-ல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியது. புதுப்பெட்டி பலருக்குக் கைக்கு எட்டாது. எங்களைக் காப்பாற்றுவது ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான். பேருந்தும் காரும் வந்ததுபோல டெனான், ஆங்கியோ, யமஹா ரிசீவர்களும் வருகின்றன. நல்ல கனமான பெட்டிகள். ஆனால் ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு சரி. 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெட்டியின் முதுகில் 250 வாட் என்று போட்டிருந்தால் 500 விஏ அளவில் வாங்குங்கள். பெற்றோர் காலத்தில் மின்னழுத்தத்தை ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் வைத்தோம், இப்போது இறக்க வைக்கிறோம்.

பெரிய ரிசீவருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: சும்மா இருக்கும்போதே ஐம்பது வாட் அளவுக்குக் குடிக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் இழப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் இளைஞர்கள் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். டிபிஏ3116 என்ற சிப் உள்ள கிளாஸ் டி ஆம்ப் போர்டு 12 வோல்ட்டிலும் ஓடும், 24-லும் ஓடும். சோலார் பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுத்துவிடலாம். இடையில் இன்வெர்ட்டரே வேண்டாம். 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு எட்டு, ஒன்பது வாட்தான் கிடைக்கும். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும், ஆனால் பன்னிரண்டடி அறைக்கு அது தாராளம். டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து 5.1 டீக்கோடர் பெட்டிக்கு ஒரு வயர், அங்கிருந்து மூன்று ஸ்டீரியோ போர்டுகளுக்கு ஆறு வயர், அவ்வளவுதான். ஆப்டிகல் வயரில் மின்சாரம் ஓடாததால், டிவியிலிருந்து அதன் வழியே இரைச்சல் ஏறி வராது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுவதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். லித்தியம் பேட்டரி குறுக்குச்சுற்றானால் கம்பியே நெருப்பாகும்.

கணக்கும் ஒத்துவருகிறது. நாற்பத்து மூன்று அங்குல டிவி எழுபது, எண்பது வாட். ஆம்பும் டீக்கோடரும் இருபது. மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு 300 வாட் மணி. 12.8 வோல்ட், 100 ஆம்ப் மணி பேட்டரியில் 1,280 இருக்கிறது. படம் முடிந்தும் இரவெல்லாம் மின்விசிறி ஓடும்.

வடிவேலு படம் ஒன்றை இப்படிப்பட்ட ஏற்பாட்டில் தெருக்காரர்கள் சேர்ந்து பார்த்த இரவில், காது மந்தமான பாட்டி ஒருவர் மூன்றாம் வரிசையில் இருந்து, “தம்பி, இப்பத்தான் என்ன சொல்றான்னு வெளங்குது” என்றார். அந்த வீட்டில் அன்று சப்ஊஃபர் கிடையாது.

அறையைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. தகரக்கூரையில் அது விழுந்தால் எந்த ஆம்பும் தோற்கும். கூரைக்கடியில் மூங்கில் பாயோ தெர்மாகோல் தட்டோ அடித்துவைத்தால் கொஞ்சம் தணியும். டைல்ஸ் தரையில் பாய் விரியுங்கள். எதிரொலி குறைய அதைவிட மலிவான வழி இல்லை. பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்ச் வளையம் இந்த ஈரக்காற்றில் பொடியாக உதிரும். ரப்பர் வளையம் தாங்கும். அழுத்தப்பலகைப் பெட்டி ஈரத்தில் ஊதும். பிளைவுட்டில் தச்சரிடம் செய்துவாங்கிய பெட்டி பல வருடம் நிற்கும். தேக்கு நாட்டில் நல்ல தச்சருக்குப் பஞ்சமில்லை.

வைக்கும் இடம் காசில்லாத மேம்பாடு. முன் ஸ்பீக்கர் இரண்டும் உங்களுக்கு நேர்க்கோட்டிலிருந்து முப்பது பாகை விலகி இருக்கட்டும். பின்னிரண்டு பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால், காதுக்கு இரண்டடி மேலே. நடு ஸ்பீக்கர் அலமாரிக்குள் ஒளியாமல் விளிம்பு வரை முன்னே வந்து, முகம் காதை நோக்கிச் சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். டீக்கோடரில் நடுத்தடத்தை மற்றவற்றைவிட இரண்டு, மூன்று டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவாளரின் விருப்பத்துக்கு அது மாறானது என்று சிலர் சொல்வார்கள். அவர் தகரக்கூரை வீட்டுக்காகக் கலக்கவில்லை.

கடைசியாகப் படக்கோப்பு. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் முன்பு சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் பெட்டியில் டிவிடி வரும், டிவிடியில் 5.1 தடம் இருக்கும். 2014-க்குப் பிறகு சிம் விலை சரிந்து எல்லோர் கையிலும் போன் வந்தது, படம் போனுக்கு மாறியது. இப்போது பென் டிரைவில் கைமாறும் கோப்புகளில் அளவைக் குறைக்க இரண்டு தடமாகச் சுருக்கியவையே அதிகம். ஐந்து ஸ்பீக்கர் வாங்கிவிட்டு அதை ஓடவிட்டால் பின்னால் ஒன்றும் கேட்காது, ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போவார்கள். கோப்பின் விவரத்தில் ஆறு சேனல் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுதான் என்றால் டீக்கோடரிலோ ரிசீவரிலோ புரோ லாஜிக் பொத்தானைத் தேடுங்கள். நடுவில் இருக்கிற குரலை அது பிரித்து நடு ஸ்பீக்கருக்குத் தரும். அந்தப் பொத்தான் இல்லாத டீக்கோடரை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்க வேண்டாம்.