மாரமங்கலக் காட்டில் விருந்தினராக

பங்குச் சுற்றுலா என்றவுடன் நம் குடும்பங்களுக்கு நினைவில் வரும் இடங்கள் சிலவே. வேளாங்கண்ணி ஒன்று, உதகை அல்லது கொடைக்கானல் மற்றொன்று, சேலத்தைச் சுற்றி வாழ்வோர்க்கு ஏற்காடு. கோடை விடுமுறை விட்டதும் வாடகைப் பேருந்து அமர்த்தி, புளிசாதமும் தயிர்சாதமும் அண்டாக்களில் ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சென்று, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டிலிருந்து கீழே மின்னும் சேலம் நகர விளக்குகளைக் கண்டு களித்துவிட்டு இறங்கிவிடுவோம். இதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் இவ்வாறு சென்று திரும்புவோர் மலையைக் காண்கிறார்களேயன்றிக் காட்டைக் காண்பதில்லை. ஏற்காடு என்ற பெயரை ஏரி, காடு எனப் பிரித்துப் பொருள் சொல்வதுண்டு. ஏரியோடு நம் பயணம் முடிந்துவிடுகிறது. காடோ அதற்கப்பால், சுற்றுலாப் பேருந்துகள் திரும்பிவிடும் இடத்திற்கும் அப்பால், மாரமங்கலம் போன்ற சிற்றூர்களைச் சூழ்ந்து கிடக்கிறது.

அண்மைக் காலமாக நம் இளைஞர்களிடையே ஓர் ஆவல் வளர்ந்து வருகிறது. படகும் பூங்காவும் போதா. காட்டுக்குள் கால்நடையாகச் சென்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். இந்த ஆவலை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் எப்பொழுது செல்வது, யாரோடு செல்வது, எதைக் கொண்டு செல்லாதிருப்பது என்பனவற்றைப் பெரியவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் இது உயிரோடு தொடர்புடைய காரியம்.

மாரமங்கலம் ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளுள் ஒன்று. ஒரே ஊராகத் திரண்டிராமல், மலைச் சரிவுகளில் சிறு சிறு குக்கிராமங்களாகச் சிதறிக் கிடப்பது இம்மலையூர்களின் இயல்பு. அங்கங்கே காப்பித் தோட்டங்கள். அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். அம்மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள். பலா, ஆரஞ்சு, பேரி. இவற்றுள் காப்பியும் சில்வர் ஓக்கும் வந்தேறிகள். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் மரம். காப்பியோ 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவரின் முயற்சியால் இம்மலையில் வேரூன்றியது. தோட்டங்கள் முடியும் எல்லையில் காப்புக்காடு தொடங்குகிறது. கல் நட்டு எல்லை குறித்திருப்பார்கள். அந்தக் கல்லைத் தாண்டியதும் சட்டமே மாறிவிடுகிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

காப்புக்காடு என்பது பொதுவிடம் அன்று. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், இன்று தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. அதன்படி அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவதும், அங்கே தீ மூட்டுவதும் குற்றம். அமெரிக்காவில் உறவினர் உள்ள குடும்பத்தார், "அங்கே தேசியக் காடுகளில் யார் வேண்டுமானாலும் கூடாரம் அடித்துத் தங்குகிறார்களே" என்று கேட்பதுண்டு. உண்மைதான். அந்நாட்டில் தேசியக் காடுகள் 154. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 19 கோடி ஏக்கர். பெரும்பாலான இடங்களில் பொதுமக்கள் தங்கலாம், நடக்கலாம், மீன் பிடிக்கலாம். அக்காடுகளை ஆளும் துறை 1905-இல் அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் கிஃபோர்ட் பின்ஷோ. அவர் இளமையில் ஐரோப்பாவிற்குச் சென்று வனவியல் கற்றபோது வழிகாட்டியாகக் கொண்ட பெரியவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். அந்தப் பிராண்டிஸ் யார் தெரியுமா? 1864-இல் இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியாகப் பொறுப்பேற்று, நம் நாட்டு வனத்துறைக்கு அடித்தளமிட்டவர்! ஒரே ஆசானின் வழி வந்த இரு காட்டாட்சிகள் இரு வேறு பாதையில் போயின. அங்கே காடு மக்களின் விடுமுறைக் களமாகவும் ஆயிற்று. இங்கே இரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் தரும் கிடங்காகக் காட்டைக் கருதிய ஆட்சி, எல்லையிட்டு அடைத்தது. அடைக்கப்பட்டவர்கள் வெளியூரார் மட்டுமல்லர். காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களும்தாம்.

அவர்களே மலையாளிகள். வாசகர்கள் கேரளத்தை நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது. பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவருள் மூத்தவரின் வழித்தோன்றல்கள் சேர்வராயன் மலையில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் கர்ணபரம்பரைக் கதை. சாமையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். மே மாதத்தில் சேர்வராயன் குகைக் கோயிலில் அவர்கள் எடுக்கும் திருவிழாவிற்கு மலையெங்குமிருந்து மக்கள் திரள்வார்கள். காட்டிலிருந்து தேனும் கடுக்காயும் விறகும் எடுத்தது அவர்களுக்கு வாழ்வு. 1882-க்குப் பின் அதுவே பல இடங்களில் வழக்காக மாறியது. காட்டில் வாழ்வோரின் உரிமைகளை ஏற்றுக்கொள்ளும் சட்டம் 2006-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மலையுச்சியைத் தோண்டிப் பாக்சைட் தாது எடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பியதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விறகுக் கட்டுக்குத் தண்டம், மலையுச்சிக்கு உரிமம்! இதனை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. காட்டில் உல்லாசமாக ஒரு நாளைக் கழிக்கச் செல்லும் நாம், பிறர் வீட்டு முற்றத்தில் கால் வைக்கிறோம் என்ற உணர்வோடு செல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இளைஞர்களோடு நாம் மாரமங்கலம் பக்கம் சென்றிருந்தோம். வழிகாட்ட வந்த மலையாளிப் பெரியவர் காட்டெல்லையில் நின்றுவிட்டார். "சாமி, பசங்ககிட்ட தீப்பெட்டி இருக்குதுங்களா? இருந்தா என் கையில குடுத்துரச் சொல்லுங்க. எறங்கும்போது வாங்கிக்கலாம்" என்றார். ஒரு லைட்டரும் இரண்டு தீப்பெட்டிகளும் அவர் மடியில் சேர்ந்தன. யார் யார் பையிலிருந்து என்பதை எழுதினால் சில வீடுகளில் கலகம் மூளும், ஆகையால் விட்டுவிடுகிறோம். புலியையும் பாம்பையும் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தீயொன்றையே கேட்டார்.

அவர் கேட்டதன் பொருள் 2018-ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டிற்கே தெரிந்தது. தேனி மாவட்டம் போடிக்கு மேலே குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்ற சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்களும் பெண்களும் திரும்பும் வழியில் காட்டுத் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், புதிதாக மணமானவர்கள். முதலில் ஓடிச் சென்று தூக்கி வந்தவர்கள் அக்கம்பக்கத்து மலைமக்களும் தோட்டத் தொழிலாளரும். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் பின்னரே வந்தன. மார்ச் மாதத்தில் ஆளுயரத்திற்கு வளர்ந்து காய்ந்து நிற்கும் புல்லுக்கு நடுவே அகப்பட்டவனுக்கு ஓட நேரம் இராது.

மலையில் தீ எவ்வாறு நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நலம். சமவெளியில் தீ காற்றின் போக்கில் செல்லும். சரிவிலோ அது மேல்நோக்கிப் பாயும். கீழே எரியும் தீயின் அனல் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தீயின் வேகம் பன்மடங்காகும். அச்சத்தில் மனிதன் உச்சியை நோக்கி ஓடுகிறான். தீயும் அங்கேதான் ஓடுகிறது, அவனைவிட விரைவாக. பக்கவாட்டில் விலகி, புல்லில்லாத பாறைத் தரையையோ, முன்பே எரிந்து அடங்கிய கரிந்த நிலத்தையோ சேர்வதுதான் தப்பும் வழி. நைலான் துணி உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அவ்வாறு ஒட்டுவதில்லை.

மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசித்தான் காடு தீப்பற்றுகிறது என்று நாம் பள்ளியில் கேட்டிருக்கிறோம். நம் நாட்டுக் காட்டுத் தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையால் மூள்பவையே. அணைக்காத பீடி, சமைத்துவிட்டு மூடாமல் வந்த அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்த நெருப்பு. இவற்றோடு உண்ணிச்செடி சேர்ந்துகொண்டது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அச்செடி இன்று மலைச் சரிவெங்கும் புதராக மண்டி, கோடையில் சுள்ளியாகக் காத்து நிற்கிறது.

எரிந்தது புல்தானே, மழை பெய்தால் முளைத்துவிடும் என்பாரும் உளர். சேலம் நகரின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பது இம்மலைத் தொடரில். ஓமலூர்ப் பக்கம் பாயும் சரபங்கா நதியும், தர்மபுரி மாவட்டத்து வாணியாறும் இம்மலையின் மக்களே. மரத்தடிச் சருகும் மக்கும் பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சி வைத்து, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசியவிடுகின்றன. தீ அந்தப் பஞ்சை எரித்துவிட்டால், அடுத்த மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே நாளில் இறங்கிவிடும். சமவெளியில் கிணறு வைத்திருக்கும் நம் பங்குக் குடும்பங்கள் இதனை மலையாளிகளின் கவலை என்று தள்ளிவிட இயலாது.

இப்போது காலத்தைக் கவனியுங்கள். தீக்காலம் பிப்ரவரியில் தொடங்கிக் கோடை மழை வரும் வரை நீடிக்கிறது. ஏறத்தாழ நமது தவக்காலமும் உயிர்ப்பு விழாவை அடுத்த பள்ளி விடுமுறையும் அதனுள் அடங்கிவிடுகின்றன. அதாவது, காட்டிற்குச் செல்லவே கூடாத மாதங்களைத்தான் நாம் தேர்ந்தெடுத்து வருகிறோம். ஏரிக்கும் பூங்காவிற்கும் மே மாதத்தில் செல்லுங்கள். கோடை விழாவும் அப்போதுதான். காட்டு நடைக்கு மட்டும் அது வேண்டா.

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலைநடைப் பயணத்தை ஒழுங்குபடுத்த 2018-இல் விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில், மாநிலமெங்கும் 40 பாதைகளை வரையறுத்து, எளியது, நடுத்தரமானது, கடினமானது எனப் பிரித்து, கணினி வழியே முன்பதிவு செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒவ்வொரு குழுவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி வருவார். இவர்களுள் பழங்குடி இளைஞர்கள் பலர். தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும். கட்டணம் இருக்கிறதே என்று முணுமுணுப்போர்க்கு நாம் சொல்வது இதுதான்: அந்த வழிகாட்டி தன் மலையிலேயே தங்கிப் பிழைக்க ஒரு வழி கிடைக்கிறது; நம் பிள்ளைகளுக்கோ தீயின் போக்கும் விலங்கின் தடமும் அறிந்த ஒருவர் துணை கிடைக்கிறது. நண்பனின் நண்பனுக்குக் குறுக்கு வழி தெரியும் என்று அனுமதியின்றிப் புறப்படும் குழுவோடு உங்கள் மகனையோ மகளையோ அனுப்பாதீர்கள்.

விலங்கு என்றதும் ஒரு செய்தி. சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. காப்பித் தோட்டங்களிலும் சாலையோரத்திலும்கூட நிற்கும். ஆயிரம் கிலோவை எட்டும் உடல். ஆயினும் சீண்டாதவரை தன்வழி செல்லும் பிராணி. கைப்பேசியை நீட்டிக்கொண்டு அருகே செல்வதும், கூச்சலிட்டு விரட்டுவதும் அதற்குச் சீண்டலே. வளைவுகளில் குரங்குகளுக்கு முறுக்கும் பிஸ்கட்டும் எறிவதை அன்பு என்று எண்ணுகிறோம். அவை சாலைக்கு வரப் பழகி வண்டிச் சக்கரத்தில் மாள்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. ஆயினும் உப்பும் எண்ணெயும் ஒட்டிய பைகள் காட்டோரம் கிடக்கின்றன. மேயும் விலங்கு உப்புக்காக அவற்றையே தின்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு காட்டுக்குள் வருவோரை என்ன சொல்வது! அதற்கு நம் ஊர்த் திருமண மண்டபமே போதுமே.

அமைதியாக நடப்பவர்களுக்குக் காடு நிறையத் தரும். பத்து நிமிடம் பேசாமல் ஓரிடத்தில் அமரச் சொல்லிப் பாருங்கள். முதலில் பிள்ளைகள் நெளிவார்கள். பிறகு ஒருவன் மரங்கொத்தியின் தட்டலைக் கேட்பான். ஒருத்தி அழுகிய மரத்தில் காளான் வரிசையைக் காண்பாள். தந்தையரும் தாய்மாரும்கூட, வீட்டில் பேசாத சிலவற்றை அந்த நடையில் பேசிக்கொண்டு வருவதை நாம் கண்டிருக்கிறோம்.

டிசம்பர், ஜனவரி மாதங்களே குடும்பங்களுக்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகளில் நீர் இருக்கும். காட்டில் பச்சை மாறாதிருக்கும். தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கும் சமயம். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுவாரம் புறப்படலாம். மிளகும் காப்பித்தூளும் மலைமக்களிடமே நேரில் வாங்குங்கள். காலை மாலைகளில் பனி இறங்கும். குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கம்பளி வேண்டும். சமைத்த உணவைக் கட்டிக்கொண்டு செல்லுங்கள். மேலே அடுப்பு மூட்ட வேண்டா. கொண்டை ஊசி வளைவுகளில் சிலருக்குத் தலை சுற்றும். முன்னிருக்கையை அவர்களுக்கு விட்டு, ஆளுக்கோர் எலுமிச்சம்பழம் கையில் கொடுத்து வையுங்கள்.