பாலை விட்டவருக்கு சோயா மட்டும் போதுமா?

பால், தயிர், நெய் மூன்றையும் அறவே விட்டுவிட்ட சிலர், "அதுதான் சோயா சாப்பிடுகிறோமே!" என்கிறார்கள்.

சோயா மட்டும் போதுமா?

சோயா சத்துள்ள பயறுதான். 100 கிராமில் சுமார் 36 கிராம் புரதம் இருக்கிறது. உளுந்தில் இருப்பது சுமார் 24 கிராம்.

நம் ஊர் உளுந்து

அதற்காக உளுந்தைக் குறைவாக எண்ண வேண்டாம். திருவிடைமருதூர் வட்டாரத்தில், நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்து தெளிப்பார்கள். பக்கத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஏற்ற "ஏ.டி.டி. 3" என்ற ரகத்தைத் தந்தது.

அரிசிப் புரதத்தில் உள்ள குறையை உளுந்து நிரப்புகிறது. இட்லியின் பெருமை அதுதான்!

மறக்கக் கூடாதது

ஆனால், "பி-12" என்ற வைட்டமின் சோயாவிலும் இல்லை, உளுந்திலும் இல்லை. அது குறைந்தால் சோகை வரும். கை, கால் மரத்துப்போகும். ஆகவே, பாலை விட்டவர்கள் டாக்டரைக் கேட்டு பி-12 மாத்திரை சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது.

சோயாவை ஊற வைத்து, நன்றாக வேக வைத்தே உண்ண வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிட்டதும் சோயா உண்ணக் கூடாது. எவ்வளவு நேரம் கழித்து உண்பது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சோயா சாப்பிடுங்கள். உளுந்தை விடாதீர்கள். மாத்திரையை மறக்காதீர்கள்!