நம்பர் அதே... கம்பெனி வேறு! 'நெட்' படுத்தால் என்ன செய்வது?

2018 பிப்ரவரியில் ஏர்செல் செல்போன்கள் தமிழகம் முழுவதும் திடீரென 'ஊமை' ஆயின. மதுரையிலும் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள் தவித்துப் போனார்கள். பேச்சு இல்லை; நெட் இல்லை; பேங்க் ஓ.டி.பி.யும் வரவில்லை. மாதக் கடைசியில் கம்பெனியே திவால் மனு கொடுத்துவிட்டது!

அன்று கைகொடுத்தது, 2011-ல் நாடு முழுவதும் வந்த 'போர்ட்' வசதி.

'போர்ட்' என்று போட்டு, இடம் விட்டு, உங்கள் நம்பரையும் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். தட்டினால் ரகசிய கோட் வரும். புது கம்பெனியிடம் அதைக் கொடுத்தால் பழைய நம்பரே நிலைக்கும்.

ஆனால் மாறிவிட்டால் 90 நாள் நகர முடியாது. விளம்பரத்தை நம்பிக் குதிக்காதீங்க!

மேலூரிலிருந்து மதுரைக்கு தினமும் பஸ்சில் வருகிறவரா? வீடு, பஸ், ஆபீஸ் மூன்றிலும் எது ஓடுகிறது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

மாலையில் ஒரே டவரைப் பலர் பங்கு போடுவார்கள். அப்போது பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்!