மருத்துவமனை பேசும் முறை

மயிலாப்பூரில் என் அண்டைவீட்டு அம்மையார் ஒருவருக்கு மார்பில் சிறு கட்டியொன்று தென்பட்டது. ஊசி குத்திச் சோதித்தால் புற்றுநோய் உடலெங்கும் பரவும் என்று கைப்பேசியில் வந்த ஆதாரமற்ற செய்தியை நம்பி, நான்கு மாத காலம் அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அச்செய்தியை மறுத்துரைக்க வேண்டிய மருத்துவர்களின் குரல் அவருடைய கைப்பேசியை எட்டவேயில்லை.

இவ்வச்சம் புதிதன்று. உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954 ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. மறு ஆண்டு அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 இல் மறையும் வரையில், சிகிச்சை செய்ததோடு அமையாமல், தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று மக்களுக்கு எடுத்துரைப்பதையும் கடமையாகக் கொண்டிருந்தார். இன்று அப்பணிக்குச் சமூக ஊடகமும் ஒரு கருவி. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2010 இல் இதற்கெனத் தனி மையமே அமைத்தது.

ஆனால் எழுதுவது யார்? விளம்பரக்காரரை அமர்த்தினால் போதும் என்பாருமுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த மாணவன் ஏன் வரவில்லை என்பது, தலைமையாசிரியனான எனக்குத் தெரியுமுன்பே பள்ளிச் சேவகருக்குத் தெரிந்திருக்கும்! நோயாளியும் அப்படியே. டாக்டரிடம் தலையசைத்துவிட்டு, தம் ஐயத்தைக் கட்டுப்போடும் நர்ஸிடமோ, சீட்டுப் பதிபவரிடமோதான் கேட்பார். ஆகவே வாரந்தோறும் ஊழியர் அனைவரும் கூடி, தாம் கேட்ட வினாக்களைத் தொகுக்க வேண்டும். விடையை நர்ஸ் வீட்டுப் பேச்சில் எழுதட்டும், டாக்டர் சரிபார்க்கட்டும், வெளியிடும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற இடர் வருமாயின், எந்தப் பிரிவு இயங்குகிறது, எவ்வழியே வரலாம் என்று நள்ளிரவில் அறிவிப்பவர் யார் என்பதையும் முன்னரே முடிவு செய்துவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குணமடைந்தவரின் மகிழ்ச்சியான படமாயினும், அவருடைய எழுத்து மூலமான இசைவின்றி வெளியிடலாகாது. மருத்துவர்கள் சமூக ஊடகத்தைக் கையாள்வது பற்றித் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகள் அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. எனினும் நோயாளியின் மறைபொருளைக் காப்பது அதற்கும் மிக முந்திய கடமை.

அம்மையாரை இறுதியில் இணங்கச் செய்தவர் ஒரு நர்ஸ். “அம்மா, எனக்கும் இதே ஊசிதான் போட்டார்கள்” என்றாராம். கட்டி சாதாரணக் கட்டியே. அந்நான்கு மாதமும் தாம் சரியாக உறங்கவில்லை என்று அம்மையார் பின்னர் என்னிடம் கூறினார்.